ஜனவரி 26: யாபுன் விழாவுக்குக் குடும்பங்களாகப் போகிறோம், எதில் கவனம் வேண்டும்?

மேற்கு_சிட்னி:
எங்கள் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் சில இந்த ஜனவரி 26, ஆஸ்திரேலியா தினத்தன்று, பார்பிக்யூவை விட்டுவிட்டு சிட்னி விக்டோரியா பார்க்கில் நடக்கும் பூர்வகுடி மக்களின் யாபுன் விழாவுக்குப் போகிறோம். முந்தின வாரம் பிளாக்டவுன் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி. 'வெல்கம் டு கன்ட்ரி' (தங்கள் நிலத்துக்கு வரவேற்கும் உரை) வாசிப்பு, பூர்வகுடிக் கொடி செய்தல், புள்ளி ஓவியம் என்று திட்டம். இதில் ஏதும் தவறா?

கரும்பாறை:
முதலாவதை மாற்றுங்கள். 'வெல்கம்' சொல்லும் உரிமை அந்த நிலத்துப் பூர்வகுடி மக்களுக்கு மட்டுமே. மூத்தவர் ஒருவரை அழைப்பதானால் பிளாக்டவுன் பகுதிக்கு தீருபின் பூர்வகுடி நில மன்றத்தைக் கேளுங்கள்; கட்டணம் உண்டு, ஜனவரியில் அழைப்புகள் குவியும் என்பதால் முன்கூட்டியே எழுதுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் நீங்களே 'அக்னாலஜ்மென்ட்' (அந்த மக்களுக்கு மரியாதை செலுத்தும் உரை) சொல்லலாம், தமிழிலேயே: "இந்த நிலத்தின் உரிமையாளர்களான தாருக் மக்களுக்கும் அவர்களின் மூத்தோருக்கும் மரியாதை செலுத்துகிறோம். இந்த நிலம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கப்படவில்லை." இணையத்திலிருந்து எடுத்து அப்படியே வாசிப்பவர்கள் பிளாக்டவுனில் நின்றுகொண்டு கடிகல் மக்கள் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். கடிகல் நிலம் நகர மையம், அதாவது யாபுன் நடக்கும் இடம்.

புள்ளி ஓவியம் வேண்டவே வேண்டாம். அது 1971இல் பபுன்யாவில் தொடங்கிய மத்தியப் பாலைவன ஓவிய மரபு. அதன் குறிகளுக்குக் குடும்பவழி உரிமை உண்டு. சிட்னிப் பூர்வகுடிகளின் மரபு பாறைச் செதுக்கல்.

மேற்கு_சிட்னி:
நன்றி, ஓவியத்தை எடுத்துவிடுகிறோம். கொடிக்கு அனுமதி வாங்கணுமா?

நூல்கண்டு:
ஹரால்ட் தாமஸ் 1971இல் வடிவமைத்த கொடியின் பதிப்புரிமையை 2022இல் அரசு வாங்கிவிட்டது, தாராளமாகச் செய்யலாம். 60 × 90 செ.மீ. துணி என்றால் மேல்பாதி கறுப்பு 30, கீழ்ப்பாதி சிவப்பு 30, நடுவில் 30 செ.மீ. விட்டமுள்ள மஞ்சள் வட்டம். வட்டம் எப்படிப் பிடித்தாலும் ஒரே மாதிரி இருப்பதால் தலைகீழாகக் கட்டிவிடுவார்கள். கறுப்பு மேலே என்று கம்பு நுழைக்கும் ஓரத்தில் எழுதி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள டாரஸ் நீரிணைத் தீவினரின் தனிக் கொடிக்கு மட்டும் அவர்களின் வட்டார மன்றத்திடம் அனுமதி கேட்க வேண்டும்.

கரும்பாறை:
விழாவுக்கு அனுமதி இலவசம், மது கிடையாது. ரெட்ஃபெர்ன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். நிழல் சீக்கிரம் நிரம்பிவிடும், தொப்பியும் தண்ணீரும் அவசியம். "ஹேப்பி ஆஸ்திரேலியா டே" என்று யாருக்கும் சொல்லாதீர்கள், ஆஸ்திரேலியக் கொடி போட்ட சட்டையும் வேண்டாம். நடனக் களத்தில் அழைத்தால் மட்டும் இறங்குங்கள், படமெடுக்குமுன் கேளுங்கள்.

1788இல் இதே நாளில் பிரிட்டிஷார் சிட்னியில் குடியேறியதை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். 1938இல் அதே ஜனவரி 26 அன்று வில்லியம் கூப்பர், ஜாக் பேட்டன், வில்லியம் ஃபெர்குசன் ஆகிய பூர்வகுடித் தலைவர்கள் சிட்னியில் துக்க நாள் கூட்டம் நடத்திக் குடியுரிமை கேட்டார்கள். 1992இல் சிட்னியின் லா பெரூஸில் 'சர்வைவல் டே' (பிழைத்திருக்கும் நாள்) இசைவிழா தொடங்கியது. அழிக்க நினைத்தும் அழியாத மக்கள் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் அதே நாளில் முன்வைக்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

உங்களில் யாருக்காவது அன்று குடியுரிமைச் சடங்கு இருந்தால் மாநகர மன்றத்தைக் கேட்டுப் பாருங்கள். 2022 டிசம்பர் விதிமாற்றத்துக்குப் பிறகு மூன்று நாள் முன்போ பின்போ நடத்த மன்றங்களுக்கு இடமுண்டு.