ஒரு மா வயல் கணக்கு: மைனஸ் விடை எங்கேருந்து வருது?

மன்னார்குடி அப்பா:
பொண்ணு பத்தாவது படிக்கிறா. இருபடிச் சமன்பாட்ட நேரா குடுத்தா காரணிப்படுத்தி டக்குனு போட்டுடுறா, அதையே வாக்கியக் கணக்கா குடுத்தா பேனாவ கீழ வச்சிடுறா. சரி நம்ம வயலையே வச்சு சொல்லிக்குடுப்போம்னு நானே ஒன்னு போட்டேன். ஒரு மா நிலம், நீளம் அகலத்த விட 70 அடி கூட, அகலம் எவ்வளவு? 90ம் மைனஸ் 160ம் வந்துச்சு. அளவு மைனஸ்ல வராதும்மா, அத அடிச்சிடுன்னேன். அதுக்கு அவ, 160 நம்ம வயலோட நீளமாச்சே, அது ஏன்ப்பா இங்க வருதுன்னு கேக்குறா. எனக்கு பதில் தெரியல, யாராச்சும் வெளங்குற மாதிரி சொல்லுங்க.

குடந்தை டியூஷன்:
உங்க பொண்ணு ரொம்ப நல்ல கேள்வி கேட்டுருக்குங்க. வெளியூர்க்காரங்களுக்காக முதல்ல இத சொல்லிடுறேன், நம்ம பக்கம் ஒரு குழி 12க்கு 12 அடி, 100 குழி ஒரு மா, ஆக 14,400 சதுர அடி. அகலத்த எக்ஸ்னு வச்சா எக்ஸ் இன்ட்டு (எக்ஸ் + 70) = 14,400. சமன்பாட்டுக்கு வயலும் தெரியாது வரப்பும் தெரியாது, ஒரு எண்ணையும் அதவிட 70 கூட உள்ள எண்ணையும் பெருக்குனா 14,400 வரணும், அவ்வளவுதான் அதுகிட்ட நாம கேட்டது. மைனஸ் 160ஓட 70 கூட்டுனா மைனஸ் 90, ரெண்டையும் பெருக்குங்க, அதே 14,400. அதான் அதையும் குடுக்குது. இப்ப நீளத்த எக்ஸ்னு வச்சு போடச் சொல்லுங்க, என்ன வருதுன்னு அதுவே பாக்கட்டும்.

திருவாரூர்காரன்:
அண்ணே, மைனஸ அடி ப்ளஸ்ஸ எழுதுன்னு மட்டும் மனப்பாடம் பண்ண விட்டுடாதீங்க. அதே வயலுக்கு சுத்து வரப்பு 500 அடின்னு குடுங்க. எக்ஸ் இன்ட்டு (250 − எக்ஸ்) = 14,400. 90, 160 ரெண்டுமே ப்ளஸ்ஸா வரும், எத அடிக்கிறது? எதையும் அடிக்கக் கூடாது, ஒன்னு அகலம் இன்னொன்னு நீளம். அப்புறம் வரப்ப 400 அடியா கொறச்சு பாருங்க, தன்மைகாட்டி (சூத்திரத்துல வர்க்கமூலத்துக்குள்ள வர்ற b² − 4ac) 40,000 − 57,600, மைனஸ்ல போயிடும், மெய்யெண்ணா விடையே கெடைக்காது. அதாவது அந்த வரப்புக்குள்ள செவ்வகமா ஒரு மா நிலம் அடங்கவே அடங்காது. கொறஞ்சது 480 அடி வேணும், அப்ப தன்மைகாட்டி பூஜ்யம், வயல் 120க்கு 120 சதுரம். பள்ளிக்கூடத்துல சூத்திரமா மட்டும் படிச்சது, இப்படி வயல்ல வச்சு பாத்தப்பதான் எனக்கே பிடிபட்டுச்சு.

மன்னார்குடி அப்பா:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். ராத்திரியே உக்காந்து போட்டா, நீளத்த எக்ஸ்னு வச்சதும் 160, மைனஸ் 90ன்னு வந்துச்சு, முகமே மாறிடுச்சு. நாங்க சொல்லாமலே வரப்ப 600 அடின்னு மாத்திப் போட்டு 60க்கு 240ன்னு கொண்டாந்து காட்டுனா. அடுத்து ரெண்டு மோட்டார் சேந்து தண்ணி எறைக்கிற கணக்கு இருக்கு, அதுல எக்ஸ் பின்னத்துக்கு கீழ வருது, அத தனியா கேக்குறேன்.