‘கைவருகாலம்’: ஒரு முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

குழந்தைகளின் நரம்பியல் வளர்ச்சி குறித்த மருத்துவ ஆய்வுகளில் வரும் ‘விண்டோ ஆஃப் அச்சீவ்மென்ட்’ என்னும் தொடர், உட்காருதல், நடத்தல் போன்ற ஒரு திறன் குழந்தைகளுக்கு வரக்கூடிய கால அளவைக் குறிக்கும். அதற்குத் தமிழாக நம் குழுவின் முன்மடலில் தரப்பட்ட ‘சாதனைச் சாளரம்’ எனக்கு ஒப்பவில்லை. அதைக் கேட்டால் பள்ளிப் பரிசளிப்பு விழாதான் நினைவுக்கு வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006 இல் வெளியிட்ட அளவீட்டின்படி, பிள்ளை தனியே நடப்பது 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம். துணையின்றி உட்காருவதற்கு 3.8 முதல் 9.2 மாதம் வரை ஆகலாம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகள் மயலின் என்னும் கொழுப்புறை பெறுவதும், சிறுமூளை முதிர்வதும், தசை வலுப்பெறுவதும் பிள்ளைக்குப் பிள்ளை முன்பின்னாகவே நடக்கின்றன. அந்த ஆய்வில் ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை.

ஆகவே நமக்கு வேண்டியது ஒரு நாளைச் சுட்டும் சொல் அன்று. தொடக்கமும் முடிவும் உடைய கால அளவைச் சுட்டும் சொல். தாயையும் பிள்ளையையும் தொடர்ந்து கவனிக்கும், சிங்கப்பூரில் 2009 இல் தொடங்கிய கஸ்டோ (GUSTO) போன்ற நெடுங்கால ஆய்வுகளில் தாய்மார் வினாத்தாள்களுக்கு விடையளிக்க வேண்டியிருப்பதால், சொல் அவர்களை அச்சுறுத்தாமலும் இருக்க வேண்டும். ஓராண்டு நிறைந்தும் நடக்கவில்லையே என்று பாட்டிமார் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள்.

‘பருவம்’ பழகிய சொல்தான். ஆனால் கையூன்றித் தலையசைக்கும் செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று பிள்ளைத்தமிழ் மரபு மாதம் குறித்துவிட்டது. பூப்பெய்துதலின் சாயலும் அதில் ஒட்டியிருக்கிறது. ‘எய்துகாலம்’ சுருக்கமாக இருப்பினும், ‘இயற்கை எய்தினார்’ என்ற இரங்கல் அறிவிப்பைப் படித்துப் பழகியவர்களிடம் அதைக் குழந்தைக்குச் சொல்ல முடியாது.

எனவே ‘கைவருகாலம்’ என்பதை முன்மொழிகிறேன். நடைக்குக் ‘கை’ எதற்கு என்று கேட்கலாம். நீச்சலும் பாட்டும் நமக்குக் கைவருகின்றன அல்லவா? வினைத்தொகையாதலால் கைவந்த, கைவருகின்ற, கைவரும் என்னும் முக்காலமும் அதில் அடங்கும். இடையில் ‘க்’ மிகாது என்பதைத் தட்டச்சு செய்வோர் கவனிக்க வேண்டும். ‘தனிநடையின் கைவருகாலம் 8.2 முதல் 17.6 மாதம் வரை’ என்று எழுதினால் படிவத்திலும் இடறாது.

குறைமாதக் குழந்தைக்கு இதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பேறு நிகழும் எனக் கணிக்கப்பட்டிருந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். அவ்வயதைத் ‘திருத்திய வயது’ எனலாமா, ‘நிகர்வயது’ எனலாமா? மருத்துவத் துறையில் உள்ளவர்கள் கருத்துரைக்க வேண்டுகிறேன்.