ஒப்புரவா, ஒப்பாக்கமா? கொன்ஃபோமிட்டிக்கு ஒரு சொல்

அக்கரைப்பற்றிலிருந்து:

தம்பி, கூட்டத்தோடு ஒத்துப்போகும் 'கொன்ஃபோமிட்டி'க்கு (conformity) அகராதியில் நீங்கள் போட நினைக்கும் 'ஒத்தொழுகல்' சரிவராது. குறள் 140இல் உலகத்தோடு ஒட்ட ஒழுகாதவன் படித்தும் அறிவில்லாதவன். 214இல் ஒத்தது அறியாதவன் செத்தவனோடு சேர்த்தி. ஒப்புரவு, ஒற்றுமை, ஒத்தாசை எல்லாமே நமக்குப் புகழ்ச் சொல், நாம் தேடுவதோ குறை சொல்லும் சொல். (ஒப்பாரியை விடுவோம்.) அதோடு, ஒழுகல் நடத்தையை மட்டும்தான் சொல்லும். ஓர்வெல்லின் '1984' நாவலில் நடத்தை சரியாக இருந்தால் போதாது. நாயகன் வின்ஸ்டன், ஆட்சித் தலைவனான பெரியண்ணனை மனதார நேசிக்க வேண்டும்.

'இணக்கம்' என்றால் இங்கே பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைதான் ஞாபகம் வரும். அங்கே இரு தரப்பும் சம்மதித்தால்தான் தீர்வு. நேர்மாறான பொருள்.

மட்டக்களப்பிலிருந்து:

சரி காக்கா. அப்படியானால் 'ஒப்பாக்கம்'. ஒப்பு + ஆக்கம், புணர்ச்சியில் சிக்கல் இல்லை. ஆள் தானாக மாறினானா, மாற்றப்பட்டானா என்று ஆங்கிலச் சொல் காட்டாது. நமக்குத் தன்வினையில் ஒப்பாதல், பிறவினையில் ஒப்பாக்கல். ரஷ்ய எழுத்தாளர் ஸமியாத்தினின் 'We' நாவலில் கண்ணாடி வீடுகள், 16–17, 21–22 மணிக்கு மட்டும் சொந்த நேரம்: இது ஒப்பாக்கம். கதைசொல்லி டி-503 அதையே கணிதம் போல் அழகு என்று வியப்பது ஒப்பாதல்.

அந்த நாவலின் தலைப்பையே பாருங்கள். ரஷ்ய மொழியில் ஒரே சொல். தமிழில் நாமா, நாங்களா என்று முடிவெடுத்தே ஆக வேண்டும். டி-503 வேற்றுக் கோள்களில் இருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதுகிறான், ஆகவே 'நாங்கள்'. ஆனால் அவன் கட்டும் விண்கலம் போவதே அவர்களையும் 'நாம்' ஆக்கத்தான். தலைப்புக்கு 'நாங்கள்' என்பதே என் கட்சி. வாசகன் இன்னும் வெளியே நிற்கிறான்.

அக்கரைப்பற்றிலிருந்து:

'நாங்கள்' நல்லது. ஒப்பாக்கத்தை ஒருக்கால் உரசிப் பார்ப்போம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி தீர்மானித்தால் முழு வட்டைக்கும் (வயல்வெளிக்கும்) அதுதான். பிந்தி விதைத்தவனின் வயல் கதிர் முற்றும்போது சுற்றிவர அறுத்து முடிந்திருக்கும். குருவியும் பூச்சியும் அதில்தான் இறங்கும், வாய்க்காலிலும் தண்ணீர் நிற்பாட்டியிருப்பார்கள். இதுவும் ஒப்பாக்கமா?

மட்டக்களப்பிலிருந்து:

இல்லை. திகதிக்குக் காரணம் கேட்கலாம், வட்டையின் பொறுப்பாளரான வட்டவிதானையோடு வாதாடலாம், அடுத்த போகத்தில் மாற்றலாம். ஆகவே வரைவிலக்கணத்தில் 'மறுக்க வழி வைக்காமல்' என்பது கட்டாயம் வேண்டும்:

ஒப்பாக்கம் (பெ.): மறுக்க வழி வைக்காமல் ஆட்களின் நடத்தையையும் நினைப்பையும் ஒரே அச்சில் வார்த்தல்.

அக்கரைப்பற்றிலிருந்து:

அது போதும். எதிர்ச்சொல்லாகத் 'தனித்துவம்' என்று போட்டுவிடாதீர்கள். நம் பக்கத்தில் அதை ஊருக்கும் இனத்துக்கும்தான் சொல்கிறோம். கூட்டத்திலிருந்து ஒருவன் விலகி நிற்பது அதில் வராது. 'தன்னியல்பு' என்று வையுங்கள். ஓர்வெல் கதையில் தனியே உலாத்தப் போவதே சந்தேகம். அதற்கு அந்த அரசு வைத்த 'ஓன்லைஃப்' என்ற சொல்லுக்குத் 'தன்வாழ்வு' நேராகப் பொருந்தும். அப்படி வாழ்கிறவனைத் 'தனியன்' என்று சொல்லலாம். கூட்டத்தை விட்ட யானைக்கு இங்கே சொல்கிற பெயர். வட்டைக்குள் தனியன் நிற்கிறது என்றால் யாரும் காவலுக்குத் தனியாகப் போகமாட்டார்கள். அந்தப் பயம் சொல்லிலேயே ஒட்டியிருக்கிறது, அகராதியில் விளக்கத் தேவையில்லை.