தெற்கு ஐரோப்பாவில் குடும்பத்துடன்: எங்கே ரயில், எங்கே கார்?

கோவையிலிருந்து ஓர் உறுப்பினர்

வயதான பெற்றோரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியில் ரயிலும் காருமாகச் சென்று வந்தோம். அடுத்த கோடை விடுமுறைக்குத் திட்டமிடுவோருக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தை விரித்தவுடன் பார்க்க வேண்டிய ஊர்களைக் குறிக்கத்தான் கை போகும். அதற்கு முன்பே, ரயிலை விட்டுக் காரில் ஏறும் இடத்தையும் காரை விட்டு மீண்டும் ரயிலைப் பிடிக்கும் இடத்தையும் முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு அதிவேக ரயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் நகரின் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அந்த வழிக்குக் கார் வீண் சுமை. ஆனால் டஸ்கனியின் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கில் குன்றுகளின் மேல் அமைந்த பியென்சா, மோந்தால்சீனோ போன்ற ஊர்களை முதியவர்களோடு சுற்றிப் பார்க்கக் கார் இல்லாமல் முடியாது.

ஃபுளோரன்ஸ் நகருக்குள் காரை எடுக்காமல், டிராமில் விமான நிலையத்துக்குச் சென்று அங்கே எடுத்தோம். பழைய நகரப் பகுதிகளில் அனுமதி பெறாத வாகனங்கள் நுழையக் கூடாது என்ற விதி ஃபுளோரன்ஸ், சியெனா, பீசா எனப் பல ஊர்களிலும் உள்ளது; நுழைவாயிலில் கேமரா எண் பலகையைப் படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதக்கணக்கில் கழித்துக்கூட வீடு தேடி வரும். வாடகைக் கார் கவுன்டரில் இருந்த பெண்மணி, நாங்கள் கேட்காமலேயே ஒரு வரைபடத்தை எடுத்து, சியெனாவின் மதிலுக்கு வெளியே உள்ள நிறுத்துமிடங்களைப் பேனாவால் வட்டமிட்டு, "இங்கே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், வழிகாட்டிச் செயலி உள்ளே போகச் சொன்னாலும் போகாதீர்கள்" என்றார்.

அதற்கு முன், என் கடவுச்சீட்டு, ஓட்டுநர் உரிமம், பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, கடன் அட்டை ஆகியவற்றை வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். தலைப்பெழுத்தோடு பெயர் எழுதும் நம்மவர்கள் இதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும்: உரிமத்தில் ஒற்றை எழுத்தும் கடவுச்சீட்டில் தந்தையின் முழுப் பெயரும் இருந்தால் விளக்கம் சொல்லியாக வேண்டும். பன்னாட்டு அனுமதியை நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்தான் பெற வேண்டும், ஓராண்டுக்குச் செல்லும். பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடியே போடுமாறு விண்ணப்பிக்கும்போதே கேட்டு வாங்கியிருந்ததால், எங்களுக்கு அந்தச் சோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. 150 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அங்கே தனி இருக்கை கட்டாயம். அதையும் ஆட்டோமேட்டிக் கியர் காரையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

காரை ஓர்வியெத்தோவில் ஒப்படைத்துவிட்டு ரயிலில் ரோமுக்குத் திரும்பினோம். சிறு ஊர்களில் இந்த அலுவலகங்கள் நண்பகலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மூடிவிடுவதால், ஒப்படைக்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு மற்ற நாட்களைப் பின்னோக்கி அமைத்தோம்.

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்

கோவை நண்பர் சொன்ன மாறும் இடங்களில் நான் மறக்க முடியாதது கடலில் இருக்கிறது. ரோமிலிருந்து சிசிலித் தீவுக்குச் செல்லும் இன்டர்சிட்டி ரயில், வில்லா சான் ஜொவான்னி துறைமுகத்தில் நின்று, சில சில பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டு, தண்டவாளம் பதித்த கப்பலின் வயிற்றுக்குள் தள்ளப்படுகிறது. இணைப்புகள் முட்டும் ஓசையும், ஜன்னலுக்கு வெளியே வெயில் மறைந்து இரும்புச் சுவர் வந்து நிற்பதும் பிள்ளைகளைப் பேச்சற்றுப் போகச் செய்தன. கடக்கும் நேரம் அரை மணிக்குள்தான். பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் வேலைக்குத்தான் பொறுமை வேண்டும்.

நாங்கள் மேல்தளத்துக்குப் புறப்பட்டபோது டிக்கெட் பரிசோதகர் எங்களை நிறுத்தினார். மறுகரையில் உள்ள மெஸ்ஸீனாவில் இறங்கியதும் ரயில் இரண்டாகப் பிரியும், ஒன்று பலெர்மோவுக்கும் மற்றொன்று கத்தானியா வழியாகச் சிராகூசாவுக்கும் போகும் என்று கைகளை இரு பக்கமும் விரித்துக் காட்டியவர், என் மகளிடம் பெட்டி எண்ணை இரண்டு முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் வழிவிட்டார். அவருக்கு என்றும் நன்றி உடையவனாக இருப்பேன். மேல்தளத்தில் அரிசியை உருண்டையாகப் பிடித்துப் பொரித்த அரன்சீனி கிடைக்கும். உள்ளே பெரும்பாலும் இறைச்சி வைப்பதால் சைவ உணவினர் கேட்டு வாங்க வேண்டும். மெஸ்ஸீனாவுக்குப் பின் தெற்கே போகும்போது கடல் இடப்புறம் வரும்.

கத்தானியாவில் கார் எடுத்து நோத்தோ, ரகூசா ஊர்களையும், பியாத்சா ஆர்மெரீனா அருகே உள்ள ரோமானிய மாளிகையின் மொசைக் தளங்களையும் பார்த்தோம். சிராகூசாவின் ஒர்த்தீஜா தீவிலும் அந்தக் கேமராத் தடை உண்டு.

பாரிஸிலிருந்து ஓர் உறுப்பினர்

இதே பயணத்தில் ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் சேர்க்கலாமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். முதியவர்களோடு வருவோருக்கு வேண்டாம் என்றே சொல்வேன். மாட்ரிட்டிலிருந்து லிஸ்பனுக்கு ஓடிய இரவு ரயில் 2020இல் நின்றுபோனது. ஒரு நாட்டில் எடுத்த காரை இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் கடுமையாக இருக்கும். ஸ்பெயின் மட்டும் என்றால், மாட்ரிட்–பார்சிலோனா 621 கிலோமீட்டர் தொலைவை அதிவேக ரயில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் கடக்கிறது. ஏறும் முன் சாமான்களை ஸ்கேன் செய்வார்கள் என்பதால் சற்று முன்னதாகவே நிலையத்துக்குச் செல்லுங்கள்.

இந்த நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எடுப்போர் அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

போர்ச்சுகலுக்குத் தனியாக ஒரு முறை வாருங்கள். போர்ட்டோவிலிருந்து பொசீன்யோ வரை டோரோ ஆற்றை ஒட்டிச் செல்லும் ரயிலில், போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்துப் பின்யாங் நிலையத்தில் இறங்குங்கள். திராட்சை அறுவடையை வரைந்த நீல ஓடுகள் அந்த நிலையச் சுவரிலேயே இருக்கின்றன, அவற்றைப் பார்க்கக் கார் தேவையில்லை.