இரவுப் பாஸில் கடைசி இரண்டு நிமிடம் டேட்டா போகிறது (ஜி-5500, திருகோணமலை)

உவர்மலை: மொட்டைமாடியில் ஜி-5500 ரொட்டேட்டர் (அன்டெனாவைத் திருப்பும் மோட்டார்), 437 மெகாஹெர்ட்ஸ் யாகி அன்டெனா, செய்மதியைப் பின்தொடரும் ஜிபிரெடிக்ட் மென்பொருள். ஏறக்குறைய 500 கி.மீ. உயரத்தில் துருவப்பாதையில் சுற்றும் கியூப்சாட் என்ற சிறு செய்மதி விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் அனுப்பும் டெலிமெட்ரியை (அதன் நிலைத் தரவை) எடுக்கிறோம். இரவு 10.30 வாக்கில் தெற்கிலிருந்து வடக்கே ஏறும் பாஸ் (செய்மதி நம் வானத்தை ஒருமுறை கடப்பது) கிழக்குப் பக்கமாக உயரப் போனால், முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது சிக்னல் இரைச்சலுக்குள் விழுகிறது. மேற்கால் போனால் கடைசிவரை வருகிறது. டிஎல்இ (செய்மதியின் பாதைத் தரவு) தினமும் புதுப்பிக்கிறோம், கணினி நேரமும் சரி. எல்என்ஏ (சிக்னல் பெருக்கி) மாற்றியும் அப்படியேதான்.

நிலாவெளி: எல்என்ஏவை விடுங்கள் தம்பி. பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் வந்தால் ரொட்டேட்டரைத்தான் பார்க்கவேண்டும். கிழக்குப் பாஸில் அசிமுத் (வடக்கை 0 என்று வைத்துக் கிழக்கு வழியாக அளக்கும் திசைப் பாகை) 165இல் தொடங்கி 80, 20, 0 என்று குறைந்து 352இல் முடியும். உங்கள் ரொட்டேட்டரின் ஸ்டொப் (அதற்கு அப்பால் திரும்பாமல் தடுக்கும் இடம்) வடக்கில் இருக்கும். 0இல் முட்டியதும் அன்டெனா முழுச் சுற்றும் திரும்பி வரவேண்டும். 60 ஹெர்ட்ஸில் அதற்கே ஒரு நிமிடம். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் இன்னும் மெதுவு. திரும்பி வரும்போது செய்மதி அடிவானத்துக்கு மேல் 5 பாகைகூட இருக்காது. காலையில் வடக்கிலிருந்து இறங்கும் பாஸ் உச்சிக்குச் சற்று மேற்கால் போகும் நாளில் அதுவும் 0ஐத் தாண்டும்; தொடக்கம் போகிறதா பாருங்கள்.

உவர்மலை: லொக்கில் (பதிவில்) அப்படியேதான் இருக்கிறது அண்ணா. ஜி-5500 450 பாகை சுற்றுமே, அது உதவாதா?

நிலாவெளி: இதற்கு உதவாது. மேலதிக 90 பாகை 360க்கு அப்பால்தான். உங்களுக்கு வேண்டியது 0க்குக் கீழே. ஸ்டொப்பைத் தெற்குக்கு மாற்றினால் மேற்குப் பாஸின் தொடக்கம் போகும். ஃபிளிப்தான் வழி, அதாவது அன்டெனாவை உச்சிக்கு அப்பால் மறுபக்கம் சாய்த்துப் பிடிப்பது. ஜிபிரெடிக்டின் ரொட்டேட்டர் அமைப்பில் அசிமுத் 0→180→360, உச்ச எலிவேஷன் (அடிவானத்திலிருந்து ஏறும் கோணம்) 180 என்று கொடுங்கள். வடக்கைத் தாண்டும் பாஸ் என்றால் மென்பொருளே அசிமுத்தை 180 பாகை மாற்றி, அன்டெனாவை மல்லாக்கப் பிடிக்கும். அப்போது ரொட்டேட்டர் 345இலிருந்து 172க்குத்தான் போகும், முட்டாது. அதற்கு முன் கொன்ட்ரோலரில் எலிவேஷனை 0, 90, 180 மூன்றிலும் கலிபிரேட் செய்யுங்கள். 180இல் 5 பாகை பிழைத்தால் ஃபிளிப் பாஸ் முழுக்கப் பிழைக்கும்.

உப்புவெளி: கேபிளை மறக்கவேண்டாம். ஃபிளிப்பில் அன்டெனா மறுபக்கம் சாயும்போது இப்போதுள்ள தளர்வு போதாது, கனெக்டரை இழுத்துவிடும். எல்என்ஏ அன்டெனா அடியில் இருந்தால், அங்கிருந்து மாஸ்ட் (கம்பம்) வரை பலநார் உள்கம்பியுள்ள வளையும் கேபிளைப் போடுங்கள், தடித்த ஆர்ஜி-213 வேண்டாம். முதலில் பகலில் கையால் 0இலிருந்து 180 வரை மெதுவாக ஓட்டி, எங்கே உரசுகிறது என்று பாருங்கள். கடற்காற்றுக்கு மூட்டுகளில் தானாக ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, மேலே பிவிசி டேப். வெறும் பிவிசி உப்பை உள்ளே விடும்.