புதுப்பிப்பு: முடிவில்லாமல் திருத்தம் கேட்ட வாடிக்கையாளர்

முழு வேலைக்கும் ஒரே விலை பேசி எடுத்த லோகோ வேலையில் வாடிக்கையாளர் ஏழாவது முறையும் திருத்தம் கேட்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

மணிக்கணக்குக் கட்டணத்துக்கு மாறும் யோசனையை அவர் ஏற்கவில்லை. பலன் தந்தது மற்றொன்று: செய்த திருத்தங்களைத் தேதிவாரியாகப் பட்டியலிட்டு, இன்னும் இரண்டு மட்டும் இதே விலையில், அதற்கு மேல் தனிக் கட்டணம் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் பதிலே இல்லை. வாடிக்கையாளரை இழந்துவிட்டேன் என்றே பயந்தேன். மூன்றாம் நாள் ஒரே திருத்தத்தோடு ஒப்புதல் வந்தது.

எதிர்பாராதது என்னவென்றால், திருத்தம் கேட்டது அவரல்ல, அவருடைய பங்குதாரர்கள் மூவர், ஆளுக்கொரு கருத்து! பட்டியலைப் பார்த்த பிறகுதான் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

மீதித் தொகை வந்த பிறகே லோகோவின் மூலக் கோப்பை (திருத்தக்கூடிய அசல் கோப்பு) கொடுத்தேன். அடுத்த வேலைக்குப் பாதி முன்பணம், மூன்று திருத்தம், முடிவு சொல்ல ஒரே ஆள் என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.