எந்த பேங்கையும் நம்ப முடியவில்லை, எல்லா எஃப்டியையும் உடைக்கலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை): கேரளத்தின் கருவன்னூர் கூட்டுறவு பேங்க் மோசடிக்குப் பிறகு வீட்டில் பெரியவர்களுக்குப் பயம். சர்வீஸ் கூட்டுறவு சங்கத்தில் 4 லட்சம், அரசு பேங்கில் 7 லட்சம். எல்லாவற்றையும் எடுத்து நகை வாங்கலாம் என்கிறார்கள்.

பதில் 1: இரண்டும் ஒன்றல்ல சார். சர்வீஸ் சங்கத்தின் பலகையில் ‘பேங்க்’ என்று எழுதியிருந்தாலும் அது தொடக்க வேளாண் கடன் சங்கம்தான். பேங்க் டெபாசிட்டுகளுக்கு ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டிஐசிஜிசி தரும் காப்பீடு இதற்குக் கிடையாது. மாநில டெபாசிட் உத்தரவாத நிதியில் சங்கம் சேர்ந்திருக்கிறதா, தவணை கட்டியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பேங்கில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு. அதே பேங்கில் கிளை மாற்றிப் போட்டாலும் எல்லாம் சேர்த்து அந்த 5 லட்சம்தான். அதற்கு மேல் உள்ளதை வேறு பேங்கில் பிரித்துப் போடுங்கள்.

பதில் 2: மனசு போகும் வழியையும் கவனிங்க. முதலில் ‘நம்ம சங்கத்துக்கு ஒன்றும் ஆகாது’, அடுத்து கவுண்டரில் கோபம், பிறகு பீதி. அதற்கும் அடுத்த கட்டம்தான் ஆபத்து: ‘எல்லாரும் ஒன்றுதான்’ என்ற சலிப்பு. மாதம் 3 சதவீத வட்டி தருகிறேன் என்று ஏமாற்றுபவன் அப்போதுதான் வாசலுக்கு வருவான்.

பதில் 3: நகைக்கு 3 சதவீத ஜிஎஸ்டி, செய்கூலி வேறு. விற்கும்போது இரண்டும் திரும்பாது. சங்க எஃப்டியை முதிர்வு தேதியில் புதுப்பிக்காமல் எடுங்க, அது போதும்.